மறைகேமரா இருக்கிறதா? தங்கும் அறையைச் சோதிக்கும் முறை

வெளியூரில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள், ஹாஸ்டலிலும் பி.ஜி.யிலும் இருக்கும் பெண்கள், துணிக்கடையில் ட்ரையல் ரூமுக்குள் போகிறவர்கள் என்று எல்லோருக்கும் இந்தப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தவுடன் பெரும்பாலானோர் போனில் ‘ஹிட்டன் கேமரா டிடெக்டர்’ என்று தேடி, முதலில் வரும் ஆப்பை இறக்கி, அறையை ஒரு சுற்று சுற்றுகிறார்கள். அது பீப் அடிக்கவில்லை என்றால் நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். அந்த நிம்மதியை நம்பாதீர்கள். இந்த ஆப்களில் பல, போனுக்குள் திசைகாட்டிக்காக வைத்திருக்கும் காந்த உணரியைத்தான் பயன்படுத்துகின்றன. ஜன்னல் கம்பி, ஸ்பீக்கர், கட்டிலின் இரும்புச் சட்டம் எல்லாவற்றுக்கும் அது கத்தும். பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் பட்டாணி அளவு கேமராவுக்குக் கத்தாமலும் போகலாம்.

கேமரா கண்டுபிடிக்கும் முறை ஒவ்வொன்றும் கேமராவின் ஒரே ஓர் அடையாளத்தைத்தான் தேடுகிறது. ரேடியோ அலையைத் தேடும் கருவியிடம், மெமரி கார்டில் மட்டும் பதிவு செய்யும் கேமரா சிக்காது. அது எந்த அலையையும் வெளியே அனுப்புவதில்லை. இருட்டில் எரியும் அகச்சிவப்பு விளக்கைத் தேடினால், வெளிச்சமான குளியலறையில் வைத்த கேமரா தப்பிவிடும். அதற்கு அந்த விளக்கே தேவையில்லை. ஹோட்டல் வைஃபையில் தேடினால், சிம் கார்டு போட்ட கேமரா அந்தப் பட்டியலில் வராது. ஆனால் எந்தக் கேமராவாலும் விட்டுக்கொடுக்க முடியாதது ஒன்று உண்டு. உங்களைப் பார்க்க அதற்கு ஒரு லென்ஸ் வேண்டும், அந்த லென்ஸுக்கும் உங்களுக்கும் நடுவே மறைப்பு இருக்கக் கூடாது. அதனால் லென்ஸைத் தேடக் கற்றுக்கொள்வதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

1. அறைக்குள் போனதும்: கேமராவின் இடத்திலிருந்து யோசியுங்கள்

பையை வைத்துவிட்டு, உடை மாற்றப்போகும் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிறகு கட்டிலில் உட்காருங்கள், குளியலறையில் ஷவருக்குக் கீழே நில்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, ‘இங்கே இருக்கும் என்னை நேராகப் பார்க்கும் பொருள்கள் எவை?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாச் சுவரையும் அலச வேண்டியதில்லை. உங்களைப் பார்க்க முடியாத இடத்தில் கேமரா வைத்து யாருக்கும் பயனில்லை. இப்படிப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டிய பொருள்கள் பத்துப் பன்னிரண்டாகக் குறைந்துவிடும்.

அடுத்த கேள்வி, அதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? சின்ன பேட்டரியில் ஓடும் கேமரா சில மணி நேரத்தில் அணைந்துவிடும். யாராவது வந்து எடுத்து சார்ஜ் போட்டாக வேண்டும். மாதக்கணக்கில் ஓட வேண்டுமென்றால் நிரந்தர மின்சாரம் வேண்டும். எனவே பிளக் பாயிண்ட், ஸ்விட்ச் போர்டு, சார்ஜர், மேசை விளக்கு, டிஜிட்டல் கடிகாரம், டிவி, செட் டாப் பாக்ஸ், ரவுட்டர், ஏசி, கீசர், எக்ஸாஸ்ட் ஃபேன் இவைதான் முதல் வரிசை. டிஷ்யூ பெட்டி, பூச்சாடி, பொம்மை, சுவரில் மாட்டிய படம், துணி மாட்டும் கொக்கி, ஏர் ஃப்ரெஷ்னர் எல்லாம் அடுத்த வரிசை.

2019 மார்ச்சில் தென்கொரியப் போலீஸ் வெளியிட்ட வழக்கைப் பாருங்கள். 10 ஊர்களில் 30 மோட்டல்களின் 42 அறைகளில் கேமரா வைத்து, சுமார் 1,600 பேரை இணையத்தில் நேரலையாகக் காட்டிக் காசு பார்த்திருந்தார்கள். கேமராக்கள் இருந்தவை செட் டாப் பாக்ஸ், சுவர் பிளக், ஹேர் டிரையர் மாட்டும் ஸ்டாண்ட். மூன்றும் மின்சாரத்தை ஒட்டிய இடங்கள். அறையில் இருப்பவர் தினமும் பார்த்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் விடும் பொருள்கள். அந்த லென்ஸின் அளவு 1 மில்லிமீட்டர்.

2. கையால் தொட்டுப் பாருங்கள்

2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில், பெண்கள் விடுதி நடத்தியவரே அங்கே ரகசியக் கேமராக்கள் வைத்ததாகக் கைதானார். விடுதிப் பெண்கள் முதலில் கேமராவைக் கண்டது குளியலறைப் பிளக் பாயிண்டைப் பயன்படுத்தப் போனபோது. புழங்கும் பொருளைப் புழங்கிப் பார்த்தாலே பாதி வெளியே வந்துவிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

எனவே ஒவ்வொரு பிளக்கிலும் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். சொருக முடியாத பிளக், எதற்கும் பயன்படாத இடத்தில் இருக்கும் பிளக், பக்கத்துப் போர்டுகளிலிருந்து நிறமோ கம்பெனியோ மாறி நிற்கும் போர்டு, திருகு புதிதாகப் பளபளக்கும் மூடி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரப் பொருளைக் கழற்றிப் பார்க்காதீர்கள், ஷாக் அடிக்கும். கழற்றாமலே டார்ச் அடித்துப் பார்க்க வழி இருக்கிறது.

யாரோ விட்டுப்போனதுபோல் சொருகிக் கிடக்கும் யூஎஸ்பி சார்ஜர் தனிக் கவனம் கேட்கும். சாதாரண சார்ஜரின் முகப்பில் யூஎஸ்பி ஓட்டை மட்டும்தான் இருக்கும். கேமரா வைத்த சார்ஜரில் அதற்கு மேலேயோ பக்கத்திலோ குண்டூசி தலையளவில் இன்னொரு துளை, அல்லது முகப்பு முழுக்கக் கறுப்புப் பளபளப்பு இருக்கும். மெமரி கார்டு செருக ஒரு பிளவும் இருக்கலாம். உங்களுடையது அல்லாத சார்ஜரைப் பிளக்கிலிருந்து உருவி டிராயரில் போடுங்கள். உள்ளே கேமரா கண்டால் மட்டும் கை வைக்காதீர்கள். காரணம் கடைசியில் சொல்கிறேன்.

வீணாகப் பயப்படாமல் இருக்கவும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். டிவியிலும் ஏசியிலும் இருக்கும் கருஞ்சிவப்புச் சிறு ஜன்னல், ரிமோட் சிக்னலை வாங்கும் இடம். கூரையில் சிவப்புத் திரவம் நிறைந்த கண்ணாடிக் குமிழோடு தொங்குவது தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர். பெரிய ஹோட்டலில் கூரை நடுவே ஸ்மோக் டிடெக்டர் இருப்பது இயல்பு. ஒரே அறையில் இரண்டு இருந்தாலோ, கூரையில் இல்லாமல் சுவரில் கட்டிலைப் பார்த்தபடி இருந்தாலோ, வேறெந்த அறையிலும் இல்லாத சாதாரண லாட்ஜில் உங்கள் அறையில் மட்டும் இருந்தாலோ சந்தேகப்படுங்கள்.

கதவிலிருக்கும் பார்வைத் துளையை மறக்க வேண்டாம். 2008இல் அமெரிக்காவில் ஒரு பெண் விளையாட்டுச் செய்தியாளரை, ஹோட்டல் கதவின் பார்வைத் துளையை மாற்றிவைத்து வெளியிலிருந்தே ஒருவன் வீடியோ எடுத்தான். 2016இல் ஜூரி அவருக்கு 5.5 கோடி டாலர் இழப்பீடு அளித்தது. அதில் ஒரு பங்கை ஹோட்டல் தரப்பு தர வேண்டும் என்றது. உள்பக்கம் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினால் போதும், இந்த வழி அடைபட்டுவிடும்.

3. இருட்டாக்கி டார்ச் அடியுங்கள்

இதுதான் முக்கியமான படி, நேரமெடுத்துச் செய்யுங்கள். இரவில் வண்டி வெளிச்சம் பட்டால் பூனையின் கண் மின்னுவதுபோல், லென்ஸும் வெளிச்சம் பட்டால் மின்னும். லென்ஸுக்குள் போன ஒளி பின்னால் இருக்கும் சென்சாரில் குவிந்து, வந்த வழியே திரும்பி வருகிறது. வந்த வழியே திரும்புவதால், டார்ச் எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் கண்ணும் இருந்தால்தான் தெரியும். கையை நீட்டி டார்ச் அடித்தால் எதுவும் தெரியாது. பலர் தோற்பது இங்கேதான்.

திரைச்சீலையை இழுத்து விடுங்கள், எல்லா விளக்கையும் அணையுங்கள். போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தை ஒட்டிப் பிடியுங்கள். குறித்துவைத்த பொருளுக்கு நேரே ஓரிரு அடி தூரத்தில் நின்று ஒளியை மெதுவாக நகர்த்துங்கள். ஒரே இடத்திலிருந்து பார்த்தால் போதாது. கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம், கொஞ்சம் குனிந்து என்று கோணம் மாற்றிப் பாருங்கள். லென்ஸ் உங்களை நோக்கி இருந்தால்தான் மின்னும். அதனால் படுக்கையைப் பார்த்திருக்கும் பொருளைப் படுக்கைப் பக்கமிருந்து பார்க்க வேண்டும்.

திருகின் தலை, பிளாஸ்டிக் விளிம்பு, டிவி திரை எல்லாமும் மின்னும். வேறுபாடு இதுதான்: திருகின் மினுக்கம் நீங்கள் நகர்ந்தாலும் கூடவே இழுபட்டுப் பரவும். லென்ஸின் மினுக்கம் ஒரு சின்னப் புள்ளி. அசையாமல், கூர்மையாக, சில சமயம் ஊதா, நீலம் அல்லது சிவப்புச் சாயலோடு இருக்கும். தலையைச் சற்றே விலக்கினால் சட்டென்று அணையும், திரும்பக் கொண்டுவந்தால் அதே புள்ளியில் எரியும். அப்படி ஒன்று கண்டால் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கறுப்புத் துளைக்குள் உருண்டையான கண்ணாடி தெரிகிறதா என்று போன் கேமராவில் ஜூம் செய்தும் பார்க்கலாம்.

கடையில் விற்கும் லென்ஸ் ஃபைண்டரும் இதையேதான் செய்கிறது. பார்க்கும் துளையைச் சுற்றிச் சிவப்பு விளக்குகளை வைத்து, சிவப்புக் கண்ணாடி வழியே பார்க்கச் சொல்கிறது. அது கையில் இருந்தால் நல்லது, ஆனால் பொறுமை இல்லாமல் அதுவும் உதவாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கெடுத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில் 379 பேரைக் கேமரா தேடவைத்தார்கள். வெறும் கண்ணால் தேடியவர்கள் 46 விழுக்காடு கண்டுபிடித்தார்கள். கடையில் கிடைக்கும் ஒரு டிடெக்டரால் 62.3 விழுக்காடு கிடைத்தது. சில உயர்விலைப் போன்களில் தூரம் அளக்க வைத்திருக்கும் லேசர் சென்சாரைக் கொண்டு லென்ஸின் மினுக்கத்தைக் கணினி வழியே பிரித்தபோது 88.9 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இந்த எண்களை உங்களை அதைரியப்படுத்தச் சொல்லவில்லை. சும்மா ஒரு நோட்டம் விட்டால் பாதிக்கு மேல் தப்பிவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

4. அகச்சிவப்பு விளக்கு

இருட்டிலும் படமெடுக்கும் கேமராவில் அகச்சிவப்பு எல்இடிகள் இருக்கும். ஒளியின் அலைநீளம் 850 நானோமீட்டராக உள்ள ரகம் என்றால் உற்றுப் பார்க்கும்போது மங்கிய சிவப்பு தெரியும். 940 ரகம் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் போன் கேமராவுக்குத் தெரியலாம்.

‘தெரியலாம்’ என்று சொல்லக் காரணம், பல போன்களில் பின்பக்கக் கேமரா இந்த ஒளியை வடிகட்டிவிடும். செல்ஃபி கேமராவில் வடிகட்டல் குறைவாக இருப்பதுண்டு. முதலில் உங்கள் போனைச் சோதியுங்கள்: டிவி ரிமோட்டை எடுத்து, முனையில் உள்ள விளக்கைப் போன் கேமரா பக்கம் திருப்பி ஒரு பட்டனை அமுக்குங்கள். திரையில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ மின்னினால் அந்தக் கேமரா போதும். இனி விளக்கை அணைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடியே அறையைச் சுற்றுங்கள். மின்னினால் சந்தேகப்படலாம். மின்னாவிட்டால் அறை சுத்தம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இந்த விளக்கே இல்லாத கேமராக்கள் நிறைய.

5. வைஃபையும் ரேடியோ டிடெக்டரும்

ஹோம்ஸ்டே, சர்வீஸ் அபார்ட்மென்ட் போன்ற இடங்களில் வைஃபைச் சோதனை பயன் தரும். அவர்கள் தந்த வைஃபையில் சேர்ந்து, ஃபிங் போன்ற ஆப்பில் ஸ்கேன் செய்தால் அதே வைஃபையில் இருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். ‘ஐபி கேமரா’ என்றோ, ஹிக்விஷன், டாஹுவா போன்ற கேமரா கம்பெனிகளின் பெயரிலோ ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான கேமராக்களில் கம்பெனி பெயருக்குப் பதில் எஸ்பிரெசிஃப் மாதிரி சிப் தயாரிப்பாளர் பெயர் வருவதுண்டு. ஆனால் அதே சிப் ஸ்மார்ட் பல்பிலும் இருக்கிறது. அதனால் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. அந்த ஆப்பிலேயே போர்ட் ஸ்கேன் (கருவி தகவல் அனுப்பத் திறந்துவைத்திருக்கும் எண் வாசல்களைப் பார்ப்பது) செய்து 554 என்ற எண் திறந்திருந்தால், அது வீடியோ அனுப்பும் கருவியாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். வாசலில் வைத்த சிசிடிவியாகவும் இருக்கலாம், வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

பெரிய ஹோட்டல்களில் ஒரு விருந்தினரின் கருவி மற்றவருக்குத் தெரியாதபடி வைஃபையைப் பிரித்துவைப்பார்கள். பட்டியலில் உங்கள் போனும் ரவுட்டரும் மட்டும் வந்தால், சோதனை நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

இன்னொரு எளிய வழி, போனில் வரும் வைஃபைப் பெயர்களைப் பாருங்கள். சில கேமராக்கள் தாங்களே ஒரு ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளும். எழுத்தும் எண்ணுமாகப் புரியாத நீளப் பெயரில் ஒன்று உங்கள் அறைக்குள் முழு சிக்னல் காட்டி, வராண்டாவுக்குப் போனால் குறைகிறதென்றால், அறைக்குள் எது அதை அனுப்புகிறது என்று தேடுங்கள்.

ரேடியோ டிடெக்டர் வைத்திருப்பவர்கள் முதலில் போன், வாட்ச், இயர்பட்ஸ் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். பக்கத்து அறை ரவுட்டருக்கும் அது கத்தும் என்பதால் புதிதாக வாங்குகிறவர்கள் குழம்பிப்போவார்கள். அசைவு தெரிந்தால் மட்டும் விழிக்கும் கேமராவும் உண்டு. அறையில் நடமாடிக்கொண்டே சோதியுங்கள். இந்தக் கருவிக்குக் காசு செலவழிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

6. கண்ணாடி, ட்ரையல் ரூம்

கண்ணாடியில் விரல் நகத்தை வைத்து, நகத்துக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கும் முறை வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றுகிறது. ரசப்பூச்சு முன்பக்கமா பின்பக்கமா என்பதைத்தான் அது காட்டும். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க முடியுமா என்பதைக் காட்டாது. விளக்கை அணைத்து, டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டி அடித்து, கண்ணின் இருபுறமும் கையால் மறைத்துக்கொண்டு உள்ளே பாருங்கள். பின்னால் இடமிருந்தால் தெரியும். சுவரிலிருந்து அசைக்க முடிந்த கண்ணாடியானால் பின்னாலேயே எட்டிப் பாருங்கள்.

ட்ரையல் ரூமில் இத்தனையும் செய்ய நேரமில்லை. அங்கே ஒளித்துவைத்த கேமராவோடு, தடுப்புக்கு மேலேயோ கதவுக்குக் கீழேயோ நீளும் போனையும் கவனிக்க வேண்டும். மேல் இடைவெளி, கீழ் இடைவெளி, கொக்கி, கூரை மூலை, காற்றுத் துவாரம் இவற்றைப் பாருங்கள். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் துணியை மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பி.ஜி.யில் குடியிருப்பவர்கள் முதல் நாள் பார்த்ததோடு விடக் கூடாது. ரிப்பேர் என்று ஆள் வந்துபோன பிறகும், புதிதாக ஏதாவது மாட்டிய பிறகும் குளியலறையை மறுபடி பாருங்கள். அறைத் தோழிகள் சேர்ந்து பார்த்தால் வேலை சுலபம். ஆப் மூலம் வீடு எடுப்பவர்கள் அந்த நிறுவனத்தின் விதியைப் படியுங்கள்: ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமரா வைப்பதையே தடை செய்துவிட்டது. ‘ஹாலில் மட்டும்தான் வைத்திருக்கிறேன்’ என்று வீட்டுக்காரர் சொன்னாலும் அது விதிமீறல்தான்.

7. கண்டுபிடித்துவிட்டால்

முதலில் ரிசப்ஷனைக் கூப்பிடத் தோன்றும். கூப்பிடாதீர்கள். அந்த அறைக்குள் வந்துபோகிற யாரோ ஒருவர் வைத்தது அது. நீங்கள் போலீசைக் கூப்பிடும் முன் சாட்சியம் காணாமல் போகலாம்.

கேமராவைத் தொடாமல் போனில் வீடியோ எடுங்கள். அறை எண்ணிலிருந்து தொடங்கி, அறை முழுக்கக் காட்டி, பிறகு அந்தப் பொருளுக்குப் போங்கள். கழற்றாதீர்கள், மெமரி கார்டை உருவாதீர்கள், ஸ்விட்சை அணைக்காதீர்கள். அதில் கைரேகை இருக்கும், கார்டில் பதிவு இருக்கும், வைத்தவன் தன்னையே படமெடுத்திருக்கவும் கூடும். பார்வையை மறைக்க அதன் முன்னால் ஒரு துண்டைத் தொங்கவிடலாம். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து 112ஐ அழையுங்கள். பெண்கள் உதவி எண் 181, சைபர் குற்ற உதவி எண் 1930. அறை பில், புக்கிங் மெசேஜ், பணம் கட்டிய ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

‘எங்கள் எல்லைக்குள் வராது’ என்று போலீஸ் நிலையத்தில் திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் புகார் வாங்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலும் இலவசம்.

பெண்ணின் அந்தரங்கத்தை மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. மறுமுறை மூன்று முதல் ஏழாண்டு. 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354சி என்று சேர்ந்த பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் இப்படி வந்திருக்கிறது. படமெடுத்தாலே குற்றம், ‘யாருக்கும் அனுப்பவில்லையே’ என்ற சமாதானம் செல்லாது. ஆண்கள் பாதிக்கப்பட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு இருக்கிறது. ஆண் பெண் வேறுபாடின்றி, அனுமதியில்லாமல் அந்தரங்க உறுப்பைப் படமெடுப்பதற்கும் பரப்புவதற்கும் மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

படம் வெளியே போய்விட்டது என்றால் இடிந்துபோக வேண்டாம், செய்ய வேண்டியது இருக்கிறது. அந்தப் பக்கத்தின் முகவரியையும், போட்டவரின் கணக்கையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, தளத்திலேயே புகார் செய்யுங்கள். 2021 ஐடி விதிகளின்படி இத்தகைய படத்தைப் பற்றிப் புகார் வந்த பிறகு 24 மணி நேரத்துக்குள் தளம் நீக்க வேண்டும் என்றிருந்தது, 2026 பிப்ரவரி முதல் அது 2 மணி நேரமாகக் குறைந்திருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். படம் உங்களிடமும் இருந்தால், 18 வயது நிரம்பியவர்கள் அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்கும் ஸ்டாப்என்சிஐஐ (StopNCII.org) தளத்தைப் பயன்படுத்தலாம். படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அதற்கு ஒரு கணிதக் குறியீடு உருவாகி, அது மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெடிட் போன்ற தளங்கள் அந்தக் குறியீட்டோடு பொருந்தும் படத்தைத் தடுக்கும். வீடியோவைக் காட்டி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள். ஒவ்வொரு புகாருக்கும் வரும் எண்ணைத் தனியாக எழுதிவையுங்கள், விசாரணையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.